எங்கள் வீட்டு டிசையரின் இத்தாலியப் பாட்டன்

1997-ம் ஆண்டு இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் '156' என்றொரு காரை அறிமுகம் செய்தது. நம் ஊர்ச் சாலைகளில் அதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. நானும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால், அந்த காரின் டீசல் இன்ஜினுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. என் டிப்ளமோ ஃபீஸ், அக்கா கல்யாணம், வீட்டு வாடகை எல்லாமே அதன் வாரிசு ஒன்றின் உழைப்பில்தான் நடந்தன.

அப்பா திண்டுக்கல்லில் டாக்ஸி ஓட்டுகிறார். மஞ்சள் போர்டு போட்ட வெள்ளை டிசையர் டீசல். 2013-ல் டியூ போட்டு வாங்கியது. இன்று நான்கு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. டீசல் கார்கள் ஒவ்வொன்றாக விடைபெறுவது பற்றி ஒரு கட்டுரைக்காகத் தகவல் தேடியபோது, அப்பாவின் இன்ஜின் எங்கே பிறந்தது என்று பார்க்கத் தோன்றியது. தேடிப் போன வழி இத்தாலியில் போய் முடிந்தது.

மேனேஜர்களின் கார்

ஐரோப்பாவில் 'காம்பேக்ட் எக்ஸிக்யூட்டிவ்' என்று ஒரு கார் வகை உண்டு. பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், மெர்சிடிஸ் சி-கிளாஸ், ஆடி ஏ4 எல்லாம் அந்த வரிசைதான். ரொம்பப் பெரிதாகவும் இருக்காது, சாதாரணமாகவும் இருக்காது. கம்பெனிகள் தங்கள் மேனேஜர்களுக்குக் கொடுக்கும் செடான்கள். ஆல்ஃபா 156-ம் இந்த ரகம்.

வால்டர் டி சில்வா தலைமையில் டிசைன் செய்யப்பட்ட கார் அது. முன்பக்கக் கேடய வடிவ கிரில் பம்பர் வரை இறங்கிவிடுவதால், நம்பர் பிளேட்டை ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். பின்கதவின் கைப்பிடி கண்ணாடி ஓரத்தில் ஒளிந்திருக்கும். நான்கு கதவு கார், பார்ப்பதற்கு இரண்டு கதவு கார் மாதிரி தெரியும். நேப்பிள்ஸ் அருகே பொமிலியானோ தார்கோ தொழிற்சாலையில் தயாரானது. 1998-க்கான 'ஐரோப்பாவின் சிறந்த கார்' விருதும் வாங்கியது.

அழகை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியம், பானெட்டுக்கு உள்ளே இருந்தது. 1.9 லிட்டர், 2.4 லிட்டர் என இரண்டு டர்போ டீசல் இன்ஜின்கள். 'ஜே.டி.டி' என்று பெயர். 'காமன் ரெயில்' முறையில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜினோடு விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார், இந்த 156-தான். லாரிகளில் ஜப்பானின் டென்சோ 1995-லேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. கார்களில் ஆல்ஃபா முந்திக்கொண்டது. மெர்சிடிஸும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் பின்னாலேயே வந்துவிட்டது.

அடிபம்பும் மேல்நிலைத் தொட்டியும்

டீசல் அம்பாசடர் நினைவிருக்கிறதா? சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகாது. ஹீட்டர் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு 'டக டக டக' என்று தெருவே எழுந்துகொள்ளும். அந்தக் காலத்து டீசல் இன்ஜினில், பம்ப் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அந்தந்த சிலிண்டருக்கு டீசல் போகும். அடிபம்பில் தண்ணீர் அடிப்பது மாதிரி. அடித்தால் வரும், நிறுத்தினால் நின்றுவிடும். மெதுவாக அடித்தால் மெதுவாக வரும்.

காமன் ரெயில், ஊருக்கு மேல்நிலைத் தொட்டி கட்டியது மாதிரி. பம்ப் டீசலை ஒரே ஒரு பொதுக் குழாயில் அழுத்தி நிரப்பி வைத்துவிடும். அந்தக் குழாய்தான் 'ரெயில்'. எல்லா இன்ஜெக்டர்களும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இன்ஜின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் அழுத்தம் தயாராக இருக்கும். எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

எவ்வளவு அழுத்தம் தெரியுமா? 156-ல் 1,350 பார் வரை. நம் வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே கூடுதலாக இருப்பது சுமார் ஒரு பார்தான். அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் டீசல் புகை போல நுண்துளியாகச் சிதறி, நன்றாக எரியும்.

சத்தம் குறைந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. கேஸ் அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டு லேட்டாக லைட்டர் அடித்தால் 'குப்'பென்று பற்றும். பழைய டீசல் இன்ஜினுக்குள் நடந்தது அதுதான். காமன் ரெயிலில் முதலில் ஒரு சொட்டு டீசலை மட்டும் அனுப்பி, மெல்லப் பற்றவைத்து, பிறகு மீதியை அனுப்பலாம். பின்னாளில் நம் ஊர் கார்களின் முதுகில் 'சி.ஆர்.டி.ஐ' என்று ஒட்டியிருந்தார்களே, அதன் முதல் இரண்டு எழுத்துகள் இந்தக் காமன் ரெயில்தான்.

உழைத்தவர்கள் யார்?

காமன் ரெயில் என்ற எண்ணம் ஃபியட்டுக்கு முன்பே சுவிட்சர்லாந்து ஆய்வுக்கூடங்களில் இருந்தது. அதைக் காரில் ஓடும் பொருளாக மாற்றப் பல வருடங்கள் உழைத்தது ஃபியட் குழுமத்தின் ஆராய்ச்சிப் பிரிவு. இதில் மாரியோ ரிக்கோ என்பவரின் பெயர் முக்கியமானது. அவருடைய குழு வேலை செய்தது இத்தாலியின் தெற்கில், பாரி நகரத்துப் பக்கம். கார் தொழில் என்றாலே வடக்கில் இருக்கும் டூரின்தான் என்று பேசப்படும் நாடு அது.

90-களின் நடுவில், பெரிய அளவில் தயாரிக்கும் வேலையோடு சேர்த்து இந்தத் தொழில்நுட்பத்தின் உரிமையையும் ஃபியட் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பாஷ் அதை மெருகேற்றி உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது. காமன் ரெயில் என்றால் இன்று மெக்கானிக்குகள் வாயில் முதலில் வருவதும் பாஷ் பெயர்தான். வளர்த்த வீட்டின் பெயர் நிலைத்தது. பெற்ற வீட்டின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஃபியட் அதோடு நின்றுவிடவில்லை. ஒரே சுற்றில் பல தடவை டீசலைப் பீய்ச்சும் அடுத்த தலைமுறையை 'மல்டிஜெட்' என்ற பெயரில் கொண்டுவந்தது. 2003-ல் அதிலிருந்து 1,248 சிசி அளவில் ஒரு குட்டி இன்ஜின் பிறந்தது. அது இந்தியாவுக்கும் வந்தது. மாருதி உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. 2007-ல் ஸ்விஃப்ட், அடுத்த வருடம் டிசையர். டாடா, ஃபியட் கார்களிலும் அதே இன்ஜின். 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்று ஆட்டோமொபைல் பத்திரிகைகள் அதற்குச் செல்லப்பெயரே வைத்தன. மிலன் நகர மேனேஜர் ஆபீஸுக்குப் போன காரின் தொழில்நுட்பம், பத்தே வருடத்தில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்து நின்றது.

கொடைக்கானல் ஏற்றம்

அப்பாவுக்குப் பெரும்பாலும் கொடைக்கானல் சவாரிதான். நான்கு பேர், பெட்டிகள், ஏசி. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ரெண்டாவது கியரில் போட்டு, இன்ஜின் வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வார். "ரெண்டாயிரத்துக்குக் கீழ விட்டா தூங்கிரும். மேல வச்சா தானா இழுத்துக்கிட்டுப் போயிரும்" என்பார். டர்போ எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கேயும் படிக்கவில்லை.

ஒருமுறை மலைப்பாதையில், அவசரத்துக்குப் பெட்டிக்கடையில் கேனில் வாங்கிய டீசலை ஊற்றினார். அதில் தண்ணீர் கலந்திருந்தது. இன்ஜெக்டர் போயிற்று. மெக்கானிக் அண்ணன் கழற்றிக் காட்டினார். ஊசிமுனையைவிடச் சின்ன ஓட்டைகள். அந்த அழுத்தத்தில், அந்த ஓட்டை வழியாக, தூசியும் தண்ணீரும் போனால் தாங்காது. அந்த மாதம் முழுக்க ஓட்டிய வருமானம் அதற்கே சரியாகப் போனது. அதற்குப் பிறகு, தெரிந்த பங்க் தவிர வேறு எங்கும் அப்பா டீசல் போடுவதில்லை.

156 பற்றி அவரிடம் சொன்னேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏத்தத்துல இழுக்குமா பாப்பா?" என்று கேட்டார்.

"உங்க வண்டி 190 நியூட்டன் மீட்டர்ப்பா. அதோட பெரிய இன்ஜின் 304."

"அப்ப பழனி ரோட்டுலயும் ஏறும், கொடைக்கானலும் ஏறும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

எதிர்வீட்டு ஜன்னல்

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் அறிவித்தது. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் புகைப் பரிசோதனையை ஏமாற்ற சாஃப்ட்வேர் வைத்திருந்தது அம்பலமானது. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளை ஓட்டக் கூடாது என்ற உத்தரவு வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதிகள் வந்தபோது, மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. சத்தத்தை அடக்கிய, மைலேஜைக் கூட்டிய காமன் ரெயிலால் புகையை முழுதாகச் சுத்தமாக்க முடியவில்லை.

எங்கள் சந்தில் எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஆஸ்துமா. அப்பா அதிகாலை நான்கு மணிக்கு வண்டியை எடுத்தால், பாட்டி இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்துவார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ரெண்டு வருடமாக அப்பா அங்கே ஸ்டார்ட் செய்வதில்லை. சந்து மெயின் ரோட்டை நோக்கிச் சரிவாக இருக்கும். நியூட்ரலில் போட்டு, அம்மா பின்னால் லேசாகத் தள்ள, சத்தமில்லாமல் முனை வரை உருட்டிக்கொண்டு போய் அங்கேதான் சாவியைத் திருப்புகிறார்.

இப்போது வீட்டில் ஓடும் பேச்சு, வண்டியை மாற்றுவதா வேண்டாமா என்பதுதான். அப்பாவுக்கு 58 வயது. "நல்லா ஓடுற வண்டிய எதுக்கு விக்கணும்? சி.என்.ஜி மலையில இப்படி இழுக்குமா? டிக்கியில சிலிண்டர் இருந்தா பார்ட்டி பெட்டிய எங்க வைக்கிறது?" என்கிறார். மூன்றுமே நியாயமான கேள்விகள். நான்காவதை அவர் கேட்கவில்லை. இந்த வயதில் மறுபடியும் ஐந்து வருட டியூவா என்பது அது.

போன வாரம் ஊருக்குப் போனபோது உட்கார்ந்து பேசினோம். பெட்டிகளுக்கு மேலே கேரியர் போட்டுக்கொள்ளலாம், மலைச் சவாரியைக் குறைத்துக்கொண்டு மதுரை ஏர்போர்ட் சவாரியைக் கூட்டலாம் என்று அம்மா வழி சொன்னார். டியூவை நான் கட்டுகிறேன் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த எஃப்.சி முடியிற வரைக்கும் ஓட்டுறேன். அப்புறம் பார்ப்போம்" என்றார்.

அப்பாவின் அகராதியில் 'பார்ப்போம்' என்றால் சம்மதம். எஃப்.சி முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. முதல் டியூவுக்கு நான் இந்த மாதச் சம்பளத்திலிருந்தே சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.