யாரும், யாரோ, யாராவது

ஆங்கில இலக்கணத்தில் நம் மாணவர் இடறும் இடங்களுள் ஒன்று, இன்னார் எனச் சுட்டாது ஆளைக் குறிக்கும் பெயர்கள். 'நோபடி டிட் நாட் கம்' என்று எழுதிய தாளில் சிவப்பு மை தாராளமாகவே ஓடும். வாய்விட்டுச் சொன்னாலோ வகுப்பில் சிரிப்பெழும். அச்சிரிப்புக்கு அஞ்சியே ஆங்கிலத்தில் வாய்திறவாது மூன்றாண்டுகளைக் கழித்துச் சென்றோர் பலரை யாம் கண்டிருக்கிறோம். சிற்றூர்களினின்று முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயில் மிதித்த பிள்ளைகள் அவர்கள்.

அப்பிழையில் அறியாமையினும் மிகுதியாகத் தாய்மொழியறிவே உள்ளது என்பது எம் கருத்து. 'யாரும் வரவில்லை' என்னும் தொடரில் மறுப்பு வினையில் நிற்கிறது. 'யாரும்' என்பதில் மறுப்பில்லை. ஆங்கில 'நோபடி'யோ மறுப்பைத் தன்னுள்ளேயே சுமந்து வருவது. ஆகவே வினை உடன்பாடாதல் வேண்டும்: 'நோபடி கேம்'. 'யாரையும் காணவில்லை' எனச் செயப்படுபொருளாய் வருமிடத்து 'ஐ டிட் நாட் சீ எனிபடி' என்று தமிழ் போலவே சொல்லலாம். எழுவாயாய் 'எனிபடி டிட் நாட் கம்' என்றல் ஆகாது. அரபு பயின்ற மாணவர்க்கு இஃது எளிதில் விளங்கும். 'மா ஜாஅ அஹத்' என்பதிலும் மறுப்புச் சொல் தனியே நிற்க, 'அஹத்' பொதுப்பெயராய் வருகிறதன்றோ!

'யாரோ வந்தார்' எனின் வந்தவர் உண்டு, அறியோம். 'யாராவது வந்தால்' எனின் வந்தவர் இன்னும் இல்லை. ஈரிடத்தும் ஆங்கிலத்தில் 'சம்படி' வரலாம். இங்கு நம் மொழியே நுட்பமுடையது.

இனி, 'எவ்ரிபடி'. 'எல்லாரும் வந்தனர்' என்ற பழக்கத்தால் 'எவ்ரிபடி ஹேவ் கம்' என்கின்றனர். ஒருமையாகக் கொண்டு 'ஹேஸ்' என்பதே முறை. ஆயின் பின்வரும் சுட்டு யாது? 'ஹிஸ்' என்றே பள்ளி இலக்கணங்கள் நெடுங்காலம் வற்புறுத்தின. 'தேர்' என்ற வழக்கோ 14ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுவது. அமெரிக்க உளவியல் கழகத்தின் நடைக்கையேடும் தன் 7ஆம் பதிப்பில் அதனை ஏற்றது.

பெயர் ஒருமை, சுட்டு பன்மையா என வியப்போர் தொல்காப்பியப் பெயரியலைப் புரட்டுக. 'ஒருவர்' என்னும் சொல் ஆண் பெண் இருபாற்கும் உரியது என்றும், பன்மை முடிபே கொள்ளும் என்றும் ஆசிரியர் விதித்துள்ளார். அந்நூற்பாக்களைக் கற்ற மாணவி, 'எவ்ரிபடி'யின் பின் 'தேர்' எழுதத் தயங்கவேண்டுவதில்லை.