கஞ்சிக் கிண்ணமும் கட்டிய கையும்



"வாத்தியார் பிள்ளை மக்கு" என்று நம்மிடையே ஒரு பழமொழி வழங்கி வருகிறது. ஆசிரியர் பணியில் சேர்ந்த நாள்முதல் இதைக் கேட்டாலே எனக்குச் சினம் வரும். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்பவன் தன் பிள்ளையைக் கோட்டை விட்டுவிடுவான் என்று பழிப்பதாகவே அதைக் கருதி வந்தேன். இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையான பின்னர்தான் அந்தப் பழமொழியில் ஒரு சிறு திருத்தம் தேவை என்பது விளங்கியது. வீட்டில் மக்காக இருப்பது பிள்ளை அன்று, வாத்தியார்தான். இந்த உண்மை எனக்கு விளங்கிய கதையை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் மகளுக்கு 6 வயது. பாலர் பள்ளிக்குச் செல்கிறாள். மகனுக்கு 3 வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. துணைவியார் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறார். பிற்பகல் 2 மணிப் பணி என்றால் அவர் வீடு திரும்ப இரவு 9 மணிக்கு மேலாகிவிடும். அந்த ஏழு மணி நேரமும் எங்கள் வீட்டின் தலைமையாசிரியர், கட்டொழுங்கு ஆசிரியர், சிற்றுண்டிச்சாலை நடத்துநர், காவலாளி ஆகிய அனைத்துப் பொறுப்புகளும் என் ஒருவனுக்கே. பள்ளியில் ஒரே பார்வையில் வகுப்பு முழுவதையும் அமைதியாக்கிவிடுகின்ற எனக்கு, வீட்டில் இரண்டு பேரைக் குளியலறைக்கு அழைத்துச் செல்வதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. ஒருவனைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினால் மற்றவள் துண்டைப் போர்த்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் இருப்பாள்.

நாங்கள் கெடா மாநிலத்தில் வசிக்கிறோம். இங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. ஆனால், எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைதான் சிவப்பு நிறத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிறன்று காலை, சீருடை அணிய மறுத்த மகள் நாள்காட்டியைச் சுட்டிக்காட்டினாள்.

"அப்பா, சிவப்புன்னா லீவுன்னு நீங்கதானே சொன்னீங்க? பினாங்கு அத்தை வீட்ல இன்னிக்கு எல்லாருக்கும் லீவு!"

கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்று விளக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசிரியர் புத்தி நிறுத்த விடுமா? "ஞாயிறு என்றால் சூரியன் என்று பொருள்" எனக் கூடுதலாக ஒரு பாடத்தையும் நடத்தினேன். அவள் சற்று நேரம் சிந்தித்தாள்.

"அப்படின்னா பினாங்குல இன்னிக்குச் சூரியனுக்கும் லீவா? அங்க இருட்டா இருக்குமா?"

அன்று மாலையே அத்தைக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டும்விட்டாள். பினாங்கில் பகல் முழுவதும் நல்ல வெயில் என்று மறுமொழி கிடைத்தது. தொலைபேசியை வைத்துவிட்டு, "பாவம்ப்பா சூரியன். லீவு நாள்லயும் வேலை செய்யுது, அம்மா மாதிரி" என்றாள். அந்தத் தீபாவளியன்றும் தம் தாய் பணிக்குச் சென்றதை அவள் மறக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

இளையவனின் சிக்கல் வேறு. அவனுக்கு வாழைப்பழம் என்றால் உயிர். ஆனால், அவன் வாயில் அது "வாயப்பயம்" என்றுதான் வரும். தமிழாசிரியர் வீட்டிலேயே ழகரம் இப்படிச் சிதைவதா என்று எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. ழகரம் நாவுக்கு எளிதில் வசப்படும் ஒலி அன்று. குழந்தைகளின் பேச்சில் அது பிந்தித்தான் வந்து சேரும். இதை நான் நன்கு அறிவேன். கவலையோடு வருகின்ற பெற்றோருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால், தன் பிள்ளை என்று வரும்போது அறிந்ததெல்லாம் எங்கே போய்விடுகிறதோ!

நாவின் நுனி மேலே எழுந்து அண்ணத்தைத் தடவும்போது ரகரமும் ழகரமும் பிறக்கின்றன என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுகிறது. இதே விளக்கத்தை மூன்று வயதுக்காரனுக்கு அளிக்க முற்பட்டேன்.

"நாக்கை மேலே தூக்குப்பா."

அவன் தலையை மேலே தூக்கினான்.

"தலையை இல்லை, நாக்கை. மேலே தூக்கி உள்ளே மடிக்கணும். அப்பாவைப் பாரு."

அவன் உன்னிப்பாகப் பார்த்தான். பார்த்தது போதவில்லை போலும். தரையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த கையை அப்படியே என் வாய்க்குள் விட்டு, இரண்டு விரல்களால் என் நாக்கைப் பிடித்துக்கொண்டான். "இப்ப சொல்லுங்க" என்று கட்டளையும் இட்டான். பிடிபட்ட நாக்கோடு நானும் சொன்னேன். என்ன வந்தது தெரியுமா? "வாயப்பயம்!"

அவனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. கைகளைத் தட்டிக்கொண்டு அக்காளிடம் ஓடினான். "அக்கா, அப்பா சரியா சொல்லிட்டாங்க!"

இவ்வாறு நாள்தோறும் ஏதேனும் ஒரு கூத்து. இவற்றையெல்லாம் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பது என் வழக்கம். ஆனால், நான் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த ஒன்றும் உண்டு.

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சனிக்கிழமை காலையில் பெற்றோருக்கான சந்திப்பு ஒன்றை ஏற்பாடு செய்திருந்தது. அதில் திருக்குறளையொட்டிக் குழந்தை வளர்ப்பைப் பற்றி 15 நிமிடம் பேசும்படி என்னைப் பணித்திருந்தார்கள். மக்கட்பேறு அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். அந்த 10 குறள்களுள் 64, 65, 66 ஆகிய மூன்றும் எனக்கு மிகவும் பிடித்தவை. பிள்ளையின் கை பட்ட உணவின் சுவை, பிள்ளையைத் தொடுவதால் வரும் இன்பம், பிள்ளையின் மழலை என்று மூன்றையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அவற்றுள் 64ஆம் குறள், தம் பிள்ளையின் சின்னஞ்சிறு கை துழாவிய கூழ் அமிழ்தத்தைக் காட்டிலும் இனியது என்கிறது.

முதல் நாள் வெள்ளி இரவு. துணைவியார் பணியில் இருந்தார். மகனுக்கு நெத்திலியும் கேரட்டும் போட்ட கஞ்சியை ஊட்டிக்கொண்டே, மறுகையால் உரையை எழுதிக்கொண்டிருந்தேன். மேசையின் ஒரு பக்கம் கஞ்சிக் கிண்ணம், மறுபக்கம் வள்ளுவர். 64ஆம் குறளின் விளக்கத்தை எழுதிக்கொண்டிருந்த வேளையில், நான் கவனிக்காத அந்த ஒரு நொடியில், மகன் தன் கையை மணிக்கட்டு வரை கஞ்சிக்குள் விட்டான். ஒரு துழாவு துழாவினான். பிறகு அதே கையை என் உரையின்மீது பளீரென்று வைத்து, "அப்பா, பாருங்க, கை!" என்றான்.

நியாயமாக நான் என்ன செய்திருக்க வேண்டும்? வள்ளுவரே நேரில் வந்து செய்முறை விளக்கம் காட்டிவிட்டார் என்று மகிழ்ந்திருக்க வேண்டும். நான் கத்தினேன். வகுப்பில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கப்படுத்திய குரல் அது. ஒரு முழத் தொலைவில் இருந்த குழந்தையின் முகத்தில் போய் மோதியது. "அறிவில்லை? கையை எடு! எத்தனை தடவை சொல்றது?" உண்மையில் நான் அதற்கு முன்பு ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவன் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துச் சமாதானம் செய்திருப்பேன். கையை மெல்ல எடுத்தான். கஞ்சி சொட்டச் சொட்ட இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான். பிறகு வாயை மட்டும் திறந்து அடுத்த கரண்டிக்காகக் காத்திருந்தான்.

மறுநாள் துணைவியாருக்குக் காலைப் பணி. எனவே, பிள்ளைகள் இருவரையும் உடன் அழைத்துச் சென்று மண்டபத்தின் முதல் வரிசையில் அமர வைத்தேன். மேடையேறி, கறை படிந்த தாளை விரித்து, உரையைத் தொடங்கினேன். நல்ல உரைதான். 64ஆம் குறளைக் கூறி, "பிள்ளை கை விட்ட கூழ் அமிழ்தத்தைவிட இனியது என்கிறார் நம் வள்ளுவப் பெருந்தகை" என்று குரலை உயர்த்தினேன். கைத்தட்டலுக்காக ஒரு கணம் நிறுத்தினேன். அந்தக் கணத்தில் முதல் வரிசையிலிருந்து மகளின் குரல் கணீரென்று எழுந்தது.

"அப்படின்னா நேத்து ஏன்ப்பா தம்பியை ஏசினீங்க?"

மண்டபமே அதிரும்படி சிரித்தார்கள். தலைமையாசிரியர் கைக்குட்டையை எடுத்துக் கண்களைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். ஆனால், முதல் வரிசையில் அக்காளுக்கு அருகில் அமர்ந்திருந்த மகன் சிரிக்கவில்லை. தன் பெயர் அடிபடுகிறது என்று மட்டும் புரிந்துகொண்டு, கைகளை மீண்டும் பின்னால் கட்டிக்கொண்டான்.

அதற்குமேல் எழுதி வைத்திருந்ததைப் படிக்க மனம் வரவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, முதல் நாள் இரவு நடந்ததை நடந்தபடியே சொன்னேன். சிரிப்பு அடங்கியது. சந்திப்பு முடிந்து தேநீர் அருந்தும்போது ஒரு தந்தை என்னை ஓரமாக அழைத்தார்.

"ஐயா, என் மகன் கணக்குப் புத்தகத்தை என்கிட்ட காட்டுறதே இல்லை. மறைச்சு வைக்கிறான். நான் ஏசுவேன்னு பயம். இன்னிக்குத்தான் எனக்குப் புரியுது" என்றார்.

அவருக்கு என்ன மறுமொழி கூறுவதென்று தெரியவில்லை. மறுநாள் ஞாயிறு, எங்கள் கெடாவின் பள்ளி நாள். வகுப்பில் நுழைந்து மாணவர்களைப் பார்த்தேன். கேள்வி கேட்டதும் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள், பயிற்றுப் புத்தகத்தைக் கையால் மூடிக்கொள்பவர்கள் என எத்தனை பேர்! இத்தனை ஆண்டுகளாக இதையெல்லாம் அடக்கம் என்றும் பணிவு என்றும் எண்ணி உள்ளூர மகிழ்ந்திருக்கிறேன். அவற்றுள் எத்தனை கைகள் என் குரலுக்கு அஞ்சிப் பின்னால் போனவையோ! பணிவாகக் கட்டிய கையும் அச்சத்தில் கட்டிய கையும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வேறுபாட்டை என் மூன்று வயது மகன் கற்றுத்தர வேண்டியிருந்தது.

வீட்டில் அவனைப் பழையபடி ஆக்குவது அத்தனை எளிதாக இல்லை. "கையை வைப்பா, அப்பா ஏச மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. ஒரு குரலில் உடைந்ததை இன்னொரு குரலில் ஒட்ட முடியாது போலும். எனவே, பேசுவதை விட்டுவிட்டு, ஒவ்வோர் இரவும் என் கையையே கிண்ணத்துக்குள் விட்டுத் துழாவத் தொடங்கினேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா வரட்டும், சொல்றேன்" என்று மிரட்டவும் செய்தாள். முதல் மூன்று நாள்கள் மகன் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காம் நாள் ஒரே ஒரு விரலை நீட்டி, கஞ்சியைத் தொட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தான். ஆறாம் நாள் இரவு, யாரும் கேட்காமலேயே கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டான். துழாவினான். ஒரு பிடி அள்ளி என் வாயருகே கொண்டுவந்து, "அப்பா, ஆ காட்டுங்க" என்றான்.

காட்டினேன். பாதி வாய்க்குள்ளும் மீதி சட்டையிலும் விழுந்தது.

அமிழ்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்றைய கஞ்சியில் உப்பே இல்லை, போட மறந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை ஒரு சொல்லும் சொல்லாமல் அதுவரை அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவன் கையால் ஊட்டியிராவிட்டால் அது எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும்.

பெற்றோரே, ஆசிரிய நண்பர்களே, உங்கள் வீட்டுக் கிண்ணத்தையும் ஒருமுறை சுவைத்துப் பாருங்கள். ழகரம் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். எங்கள் வீட்டில் இப்போது அனைவரும் வாயப்பயம்தான் சாப்பிடுகிறோம்.