காப்பதும் அடைப்பதும்

காலி மாவட்டத்துக் கொஸ்கொடவில் கடலாமைக் குஞ்சு பொரிப்பகங்கள் உள்ளன. கரையில் எடுக்கப்பட்ட முட்டைகளை விலைகொடுத்து வாங்கி, வேலியிட்ட மணலில் மீண்டும் புதைக்கிறார்கள். ஏறக்குறைய 50 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். நாய்க்கும் மனிதருக்கும் தப்பவைக்கும் நல்ல வேலைதான். ஆனால், பார்வையாளருக்குக் காட்டுவதற்கென ஓரிடத்தில் குஞ்சுகளை நாட்கணக்கில் தொட்டியில் வைத்திருந்ததைக் கண்டேன். ஆழ்கடலுக்கு நீந்திப்போகவே அவற்றின் வயிற்றில் மஞ்சட்கரு மிச்சமிருக்கிறது. அந்தப் பலம் தொட்டிக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது.

கணவனை இழந்த பெண் தொழிலுக்குப் புறப்பட்டால், "ஊர் கதைக்கும், வீட்டோடு இரு" என்று அன்போடுதான் மறிக்கிறார்கள். என் பணியில் இதை அடிக்கடி கேட்கிறேன். சகோதரிகளே, காப்பது வேறு, அடைத்து வைப்பது வேறு. உடலிலும் மனதிலும் பலம் இருக்கும்போதே வழிவிடச் சொல்லிக் கேளுங்கள்.