எங்கள் வீட்டு ஆமை ஓடிய கதை



எங்க வீட்டுல ஒரு ஆமை இருக்கு. அதுக்குச் சாப்பாடு வேண்டாம், கரண்ட் மட்டும் போதும். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன்! 2 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், உபுண்டு லினக்ஸ். சுவிட்சைப் போட்டுவிட்டு நான் பல் தேய்த்து முகம் கழுவி வந்தாலும் அது இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் அந்த ஆமையை நம்பித்தான் அக்கா வீட்டிலேயே டைப்பிங் வேலை செய்கிறாள். மனு, பயோடேட்டா, ஸ்கூல் புராஜெக்ட் எல்லாம் டைப் செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பாள். "பேசாம இதைப் பழைய இரும்புக் கடையில போட்டுரலாமா?" என்று அப்பா கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் சும்மா இருப்பேனா? "நான் வேகமாக்கிக் காட்டுறேன்" என்று சவால் விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, எங்கெங்கோ படித்த குறிப்புகளையெல்லாம் வரிசையாகச் செய்தேன். 'தேவையில்லாத சர்வீஸ்களை முடக்கு' என்று ஒரு குறிப்பு. பட்டியலில் 'கப்ஸ்' என்று ஒன்று இருந்தது. கப்பும் சாசரும் நமக்கு எதுக்கு என்று முடக்கிவிட்டேன்!

மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க ஒரு பாட்டி காலையிலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மனு டைப் ஆகிவிட்டது. பிரிண்ட் மட்டும் வரவில்லை. பிரிண்டருக்கு வேலை அனுப்புவதே கப்ஸ்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. "பஸ்ஸு போயிரும் கண்ணு" என்று பாட்டி நாலு தடவை சொல்லிவிட்டார். கடைசியில் அக்கா வெள்ளைத் தாளில் முழு மனுவையும் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. ரெண்டு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பள்ளிக்கு வந்ததும் கம்ப்யூட்டர் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏன்டா, டாக்டர் நாடி பிடிச்சுப் பார்க்காம ஊசி போடுவாரா? எது மெதுவா இருக்குன்னு முதல்ல அளந்து பாரு" என்றார். அளப்பதற்கு மூன்று கட்டளைகளையும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கப்ஸை மறுபடி இயக்கினேன். அப்புறம் அளந்தேன்.

'சிஸ்டம்டி-அனலைஸ்' என்று அடித்தால், கம்ப்யூட்டர் எழுந்திருக்க எடுத்த நேரம் வரும். எங்கள் ஆமைக்கு 1 நிமிடம் 48 விநாடி! கூடவே 'பிளேம்' சேர்த்தால், எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியலே போடும். நெட் இணைப்புக்காகக் காத்திருக்கும் ஒரு சர்வீஸ் மட்டும் 20 விநாடிக்கு மேல். நான் முடக்கிய கப்ஸோ ஒரு விநாடிகூட எடுக்கவில்லை!

அடுத்தது 'ஃப்ரீ'. லாகின் செய்த உடனேயே 1.1 ஜிபி ரேம் போய்விட்டது. லிப்ரே ஆபீஸும் பிரவுசரும் திறந்ததும் மீதியும் தீர்ந்தது. எது அதிகம் தின்கிறது என்று 'டாப்' காட்டிக் கொடுத்தது. பிரவுசரும், க்னோம் என்ற டெஸ்க்டாப்பும்தான்.

ரேம் நிறைந்தால் லினக்ஸ் அதில் கொஞ்சத்தை ஹார்ட் டிஸ்கில் உள்ள 'ஸ்வாப்' என்ற இடத்துக்குத் தள்ளும். ரேமிலிருந்து ஒன்றை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி. சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்கச் சுமார் 10 மில்லி விநாடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லட்சம் மடங்கு! மேசை மேல் உள்ள புத்தகத்தை எடுக்க 1 விநாடி என்றால், ஸ்வாப்பில் உள்ளதை எடுக்க 27 மணி நேரத்துக்கும் மேல். ஆமைக்குக் காலில் நோய் இல்லை. முதுகில்தான் பாரம் அதிகம்!

சாரிடம் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றினேன். நெட்டுக்குக் காத்திருக்கும் அந்த சர்வீஸை நிறுத்தினேன். க்னோமுக்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப் போட்டேன். இப்போது லாகின் செய்தால் 600 எம்பிதான் ஆகிறது. பிரவுசரில் தேவையில்லாத டேப்களை மூடினோம். ஸ்வாப்பினெஸ் என்ற அளவை 60-லிருந்து 10 ஆக்கினேன்; உண்மையைச் சொன்னால், அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த மாதம் அக்கா தன் டைப்பிங் காசில் ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கினாள். அதில் சுழலும் தட்டே கிடையாது. இப்போது ஆமை 31 விநாடியில் எழுந்துவிடுகிறது. அப்பா இரும்புக் கடைப் பேச்சையே எடுப்பதில்லை.

போன வாரம் அந்தப் பாட்டி மறுபடி வந்தார். எனக்குத் திக்கென்றது. "பணம் இன்னும் வரல கண்ணு. இன்னொரு மனு போடணும்" என்றார். அக்கா டைப் செய்து முடித்தாள். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறப்பதற்குள் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அதுக்குள்ளயா?" என்றார். பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஆமை இருந்தால் முதலில் அளந்து பாருங்கள். அப்புறம் கை வையுங்கள். பட்டியலில் 'கப்ஸ்' என்று இருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள்!



— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு