சுடுகாட்டு மல்லியும் பெரியப்பாவும்

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் சமயம். லேப்ல என் பொறுப்புல ஏ549. புது பைக் மாடல்னு நினைச்சுடாதீங்க. 1972-ல் ஒரு 58 வயசுக்காரரோட நுரையீரல் புற்றுக்கட்டியில இருந்து எடுத்து, இன்னிக்கும் உலகம் பூரா லேப்கள்ல வளர்த்துட்டு வர்ற செல்கள்.

தட்டுல ஜமுக்காளம் விரிச்ச மாதிரி படர்ந்திருக்கும். பிப்பெட் டிப்பால நடுவுல ஒரு கோடு கிழிச்சா, ரெண்டு பக்கமிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து மூடப் பார்க்கும். புற்று பரவுறதுக்கு அது சின்ன ரிகர்சல். மஞ்சள்ல இருக்கிற குர்குமின் ஊத்தின தட்டுல மட்டும் கோடு அப்படியே நின்னுச்சு!

சந்தோஷத்துல வெள்ளிமலைக்குப் போன் போட்டேன். பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்று. 40 வருஷ பீடி. புதுச்சேரி போய் கீமோ ஏத்திட்டு வந்துட்டிருந்தார். "செடி மருந்தே கேன்சரை நிறுத்துது பெரியம்மா"ன்னு அடிச்சு விட்டேன்.

அங்கேதான் பிடிச்சது சனி.

அடுத்த மாசம் கல்வராயன் மலை ஏறிப் போனா, அடுப்புல கஷாயம். வாசல் ஓரத்து நித்தியகல்யாணி இலை. நம்ம ஊர்ல சுடுகாட்டு மல்லின்னு சொல்வோமே, அதேதான். "நீதானடா சொன்ன?"ன்னாங்க பெரியம்மா.

பதறிப்போய் ஃபைலைப் புரட்டினேன். பெரியப்பாவுக்கு ஏத்துற வினோரெல்பின், அதே செடியோட சரக்கிலிருந்து செஞ்ச மருந்து. ரத்த ரிப்போர்ட்டுல வெள்ளை அணு ஏற்கெனவே கம்மி.

இந்தச் செடியோட கதையே அதுதான். 1952-ல் சர்க்கரை வியாதிக்கு ஆகுமான்னு பார்க்க, ஜமைக்காவுல இருந்து கனடாவுக்கு இலை போச்சு. ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை குறையல, வெள்ளை அணு குறைஞ்சு, தொற்று வந்து எலிகள் செத்துச்சு. அந்த விஷத்துக்குள்ள இருந்துதான் 1958-ல் அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரிச்சாங்க. செல் ரெண்டாகப் பிரியறப்ப கட்டுற சாரத்தை அது கட்டவிடாது. ஒரு கிராமுக்கு சுமார் 500 கிலோ காய்ஞ்ச இலை வேணும். டாக்டருங்க ரத்தம் பார்த்து மில்லிகிராம் கணக்குல ஏத்துற வம்சத்தை, நாங்க டம்ளர் கணக்குல கொடுக்க இருந்தோம்.

குர்குமினும் அப்படித்தான். தட்டுல நேரா செல் மேல ஊத்துறோம். வாயில சாப்பிட்டா ரத்தத்துல சேர்றது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். இதெல்லாம் எனக்குத் தெரியும். போன்ல மட்டும் சொல்லல.

கஷாயத்தைக் கொட்டிட்டு பெரியம்மா அழுதாங்க. "தப்பு என்னோடது"ன்னேன். கட்டில்ல இருந்து இருமிக்கிட்டே பெரியப்பா சொன்னார்: "தம்பி, இனிமே தட்டுல ஜெயிச்சா தட்டுக்கிட்டயே சொல்லு. மனுஷன் பொழைச்ச பிறகு எனக்குச் சொல்லு."