கொடிகாமத்தில் வாங்கிய பலாப்பழம்

யாழ்தேவி பளையைக் கடந்து கொடிகாமத்தில் நின்றது. 1990இல் நின்றுபோன இந்த ரயில், 2014 அக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. அந்த 1990 அக்டோபரில்தான் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அன்று புத்தளம் போய்ச் சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

தென்மராட்சிப் பலாப்பழம் என்றால் உம்மாவுக்கு உயிர். அதற்காகவே சந்தைப் பக்கம் போனேன். தேங்காயும் மாம்பழமும் மலைபோல் குவிந்திருந்தன. பழம் விற்ற அக்கா, தன் மகளைப் பற்றிப் பேச்சை எடுத்தார்.

"எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில பதினோராம் வகுப்பு மட்டுந்தான் பிள்ளை. அவளுக்கு விஞ்ஞானம் படிக்க ஆசை. யாழ்ப்பாணம் போய் வரோணும். ரியூசன் முடிஞ்சு வர இருட்டிப்போடும். பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி விடுறது? இஞ்ச கிட்டடியில கலைப் பிரிவு படி எண்டு சொல்லிப்போட்டன்."

இங்கிருந்து யாழ் நகரம் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தத் தூரம் ஒரு பெண்ணின் படிப்பையே மாற்றிவிட்டது.

1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துக் கல்வி கிடைக்கவேண்டும் என்றே மத்திய கல்லூரிகள் ஊர் ஊராக எழுந்தன. இன்றும் பாடநூல் எல்லோருக்கும் இலவசம்தான். ஆனால் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் எல்லா ஊருக்கும் ஒன்றுபோல் போய்ச் சேரவில்லை. நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு லண்டனிலும் கனடாவிலும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. கட்டடம் வேண்டுமென்றால் பணம் வரும். சிறு பாடசாலைக்கு அரசாங்கத்தின் கையை விட்டால் வேறு கை இல்லை.

பல்கலைக்கழக அனுமதியிலோ மாவட்டம் முழுவதும் ஒரே கணக்கு. நல்லூர்ப் பிள்ளையும் கொடிகாமத்து உட்கிராமத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும்.

சகோதரிகளே, இருவருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டால் நீதி ஆகிவிடுமா? ஒரு வீட்டில் நோயாளிப் பிள்ளைக்கும் திடமான பிள்ளைக்கும் தாய் ஒரே அளவாகவா கவனிப்பாள்?

இதை நான் புத்தளத்திலேயே படித்திருக்கவேண்டும். 1990இல் நான் ஆறாம் வகுப்பு. எங்களைச் சேர்த்துக்கொண்ட பாடசாலையில் ஒரு வாங்கில் ஐந்து பேர் நெருங்கி இருந்தோம். பிள்ளைகள் பெருகினார்கள், வாங்குகள் பெருகவில்லை. உள்ளூர் உம்மாமார் சிலர் எங்கள்மீது முகம் சுளித்தார்கள். அன்று அது மனதைச் சுட்டது. இன்று யோசித்தால், அவர்கள் பிள்ளைகளின் பங்கைத்தான் எங்களோடு பகிர்ந்தார்கள். பிள்ளைகள் வந்த வேகத்தில் பணமும் வந்திருந்தால் இரு தரப்புக்கும் அந்தக் கசப்பு இருந்திராது.

இதைச் சொன்னபோது அக்கா தலையசைத்தார். "தொண்ணூற்றைஞ்சில வலிகாமத்துச் சனம் முழுக்க இஞ்சதானே வந்தது. எங்களுக்கும் அது தெரியும் பிள்ளை."

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் என்றால் அது ஆண்கள் வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். போய் உட்காருங்கள். தர உள்ளீட்டுப் பணம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். பக்கத்து ஊருக்குக் கிடைத்தது நம் ஊருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். நம் ஊருக்குக் கூடக் கிடைத்திருந்தால், பக்கத்து ஊருக்காகவும் கேளுங்கள்.

பழத்தைச் சாக்கில் கட்டித் தந்த அக்காவிடம், "மகளை இன்னொருமுறை கேட்டுப் பாருங்கள் அக்கா" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மீதிக் காசை எண்ணித் தந்தார்.