கோவாவுக்குப் போன அரசனும் கோட்டில் இருக்கும் சட்டமும்

சிறுவயதில் நான் பார்த்த முதல் அரசனின் படம் சங்கிலியனுடையதன்று. சிலாங்கூர் சுல்தான் சுலைமானுடையது. நல்லூரில் எங்கள் தாய்வழிப் பேரனாரின் வீட்டு விறாந்தையில், சரஸ்வதி படத்துக்கும் காந்தி படத்துக்கும் நடுவே அது மாட்டப்பட்டிருந்தது. அப்பு கோலாலம்பூரில் றெயில்வே கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். யாழ்ப்பாணத்தில் அக்காலத்தில் ஊருக்கு ஒருவராவது இருந்த 'மலாயன் பென்சனியர்'களில் அவரும் ஒருவர். பென்சன் தந்த நாட்டு அரசனைச் சுவரிலிருந்து இறக்க அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

ஒருநாள் நான் கேட்டேன்: "அப்பு, எங்களுக்கு ராசா இல்லையோ?"

"இருந்தவர். பறங்கி கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றுபோட்டான். ஆனால் அவர் காலத்துச் சட்டம் இன்னும் கோட்டிலை இருக்குது, மோனை."

நீதிமன்றத்தைக் கோடு என்பது எங்களூர் வழக்கு. எட்டு வயதில் எனக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. விளங்க முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

அண்மையில் மலேசியாவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். அவருடைய நாட்டில் ஒன்பது மாநிலங்களுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாட்டின் பேரரசராகிறார். உகண்டாவில் ஒழிக்கப்பட்ட அரசமரபுகள் 1993இல் மீண்டன. கானாவின் 1992ஆம் ஆண்டு அரசியலமைப்பு குலத்தலைவர்களின் பதவிக்கு உத்தரவாதம் அளிக்கிறது. இந்தியாவோ 1971இல் மன்னர்களின் மானியத்தையும் பட்டங்களையும் ஒரே திருத்தத்தில் முடித்துவைத்தது. "உங்கள் யாழ்ப்பாண அரசு என்ன ஆயிற்று? வாரிசு எவரும் இல்லையா?" என்பது நண்பரின் கேள்வி.

வாரிசு என்று கூறிக்கொள்வோர் உண்டு. ஆரியச்சக்கரவர்த்திகளின் வழிவந்தோர் தாம் என்னும் குடும்பத்தினர் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். இலங்கை அரசு எவரையும் அங்கீகரித்ததில்லை. எங்களிடம் எஞ்சியிருப்பவை கற்களே. ப வடிவில் வெட்டப்பட்ட யமுனா ஏரி அவற்றில் ஒன்று. மந்திரிமனையையும் சங்கிலித்தோப்பு வாயிலையும் அரசன் கட்டியவை என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். இன்று காணும் கட்டடங்களின் சாயலோ பெரிதும் ஒல்லாந்தர் காலத்தது. முத்திரைச் சந்தியில் 1974இல் எழுந்து 2011இல் புதுப்பிக்கப்பட்ட சங்கிலியன் சிலை வாளேந்தி நிற்கிறது. இவ்வளவுதான் அரசு.

ஆனால் பெரிய அரசொன்றின் அங்கீகாரத்தோடு ஆளும் சிற்றரசன் எங்களுக்குப் புதியவனல்லன். 1591இல் அந்திரே பூர்த்தாடோ த மென்டோன்சாவின் படை நல்லூரைப் பிடித்துப் புவிராசபண்டாரத்தைக் கொன்றது. அவனிடத்தில் போர்த்துக்கேயர் அமர்த்தியவனே எதிர்மன்னசிங்கன். முடியும் கோயில்களும் அவனிடம் இருந்தன; திறை போர்த்துக்கேயருக்குப் போனது. மலாயாவில் 1874இல் பேராக்கில் தொடங்கி ஆங்கிலேயர் செய்த ஏற்பாடும் ஏறத்தாழ இதுதான்: மதமும் மலாய் வழக்காறும் சுல்தானுக்கு, மற்றவை யாவும் ரெசிடெண்டின் 'ஆலோசனை'க்கு.

மலாயாவில் நின்று நிலைத்த ஏற்பாடு இங்கே ஒரு தலைமுறைகூடத் தாங்கவில்லை. எதிர்மன்னசிங்கன் வெளியே போர்த்துக்கேயருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு, உள்ளே கண்டி அரசனுக்கு உதவினான். அவனுக்குப் பின் அரசுரிமைக்கு நின்ற இளவரசர்களைக் கொன்று சங்கிலி குமாரன் அதிகாரத்தைக் கைப்பற்றினான். 1619இல் பிலிப் த ஒலிவேறா படையெடுத்து வந்து அவனைச் சிறைப்பிடித்தான். கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சங்கிலிக்கு 1623இல் மரணதண்டனை. அரச குடும்பத்தில் எஞ்சியோர் ஞானஸ்நானம் பெற்றனர். பலர் துறவிகளாயினர், பெண்கள் கன்னியர் மடம் புகுந்தனர். துறவிக்கு வாரிசு இல்லை. ஒரு வம்சத்தை முடிப்பதற்கு வாளைவிட இது உறுதியான வழி.

அரசன் போனான், அவன் இடம் காலியாக இருக்கவில்லை. 1658இல் வந்த ஒல்லாந்தருக்கு, காணி வழக்குகளைத் தீர்க்க இவ்வூர் வழமை என்னவென்று தெரியவேண்டியிருந்தது. ஆளுநர் சீமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் அதனை எழுதிக்கொடுத்தார். தமிழில் பெயர்க்கப்பட்ட அந்தப் பிரதியைப் பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்று ஒப்பினர். அதுவே தேசவழமை. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு அளித்தனர். இந்தப் 'பழைய சட்டம்' மேலும் திருத்தப்பட்டு இன்றும் எங்கள் முதுசத்தையும் சீதனத்தையும் தேடியதேட்டத்தையும் ஆள்கிறது. எங்கள் அரசனின் அங்கீகரிக்கப்பட்ட வாரிசு ஒருவர் இருக்கிறாரென்றால் அது இந்தக் கடதாசிக் கட்டுத்தான்.

அரசனின் மற்றைய நிழல்களும் உண்டு. வடக்கில் 1829 முதல் 1867 வரை அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் டைக் துரையை 'வடக்கின் ராஜா' என்றே அழைத்தார்கள். அவர் போன்றோரின் கீழ் மணியகாரரும் உடையாரும் விதானையாரும் ஊரை ஆண்டனர். அந்தத் தலைமைக்காரர் முறையை அரசு 1963இல் ஒழித்துக் கிராம சேவகரை நியமித்தது. ஆனாலும் முத்திரை வாங்கப் போகும் யாழ்ப்பாணத்தான் இன்றும் "விதானையாரிட்டைப் போயிட்டு வாறன்" என்றுதான் சொல்வான்.

இதுவரை எழுதியதெல்லாம் சரித்திரம். அப்பு சொன்ன வார்த்தை எனக்கு விளங்கியது 2013இல்.

என் சின்னம்மாவின் மகள், எனக்குத் தங்கை முறை. அவளுடைய கணவர் 2009 மே மாதம் வன்னியில் காணாமற்போனார். மூத்த பிள்ளையின் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. தாயார் சீதனமாகக் கொடுத்த நான்கு பரப்புக் காணி கோண்டாவிலில் இருந்தது. அதில் இரண்டை விற்கத் தீர்மானித்தாள். உறுதி அவள் பெயரில். வாங்குவதற்கு ஆளும் வந்தாயிற்று. நொத்தாரிசு உறுதியை விரித்துப் பார்த்துவிட்டு, "அவருடைய சம்மதக் கையொப்பம் வேணும், பிள்ளை" என்றார்.

தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். கணவன் தன் சொத்தை விற்க மனைவியின் சம்மதம் வேண்டியதில்லை. இதே வழமைதான் சீதனக் காணியைப் பெண்ணின் சொத்தென்று வைத்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அந்தக் காணி அவள் கையில் இருந்ததே அதனால்தான். கொடுத்த கையே பூட்டையும் போட்டிருந்தது.

"மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் சுகம்" என்று பலர் புத்தி சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள். ஒரு காணி உறுதிக்காகக் கணவனைச் செத்தவனென்று எழுதிக்கொடுக்க அவள் ஆயத்தமில்லை. காணாமற்போனோருக்கு 'காணாமைச் சான்றிதழ்' வழங்கும் ஏற்பாடு சட்டத்தில் வந்தது 2016இல்தான். மிஞ்சிய வழி மாவட்ட நீதிமன்றம். கணவன் இருக்குமிடம் தெரியாதபோது அவன் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றம் அனுமதி தரலாம். பல தவணைகள். ஒவ்வொரு தவணைக்கும் நானும் கூடப் போனேன். "கணவர் எங்கே?" என்ற கேள்விக்கு, அரசாங்கம் சொல்லவேண்டிய பதிலை அவள் ஒவ்வொரு முறையும் சொன்னாள்: "தெரியாது."

அனுமதி கிடைத்தது. அன்று பருத்தித்துறை வீதியால் பஸ்ஸில் திரும்பினோம். முத்திரைச் சந்தி கடக்கையில் சிலையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "ராசா இருந்திருந்தால் ஒரு மனுவெண்டாலும் குடுத்திருக்கலாம், அண்ணை."

நான் பதில் சொல்லவில்லை. அரசர்களைப் பற்றி எனக்கு மயக்கம் இல்லை. அந்தச் சங்கிலி சொந்தக்காரரின் இரத்தத்தில் நடந்து ஆட்சிக்கு வந்தவன். 1707இல் எழுதப்பட்ட வழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. 1844இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோதுதான் அது செத்தது. அரசன் இருந்திருந்தால் அவளுக்கு நீதி கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஆனாலும் அவள் சொன்னதில் ஒன்று இருந்தது. உயிருள்ள தலைவனிடம் முறையிடலாம், வாதாடலாம், சில வேளை அவன் மனத்தை மாற்றலாம். எங்களுக்குக் கிடைத்ததோ ஆளில்லாத அரசு. ஒல்லாந்தன் எழுதினான், பன்னிரண்டு காணிக்காரர் தலையாட்டினர், ஆங்கிலேயன் முத்திரை குத்தினான். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண் இல்லை. அடிமை என்று எழுதப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவும் இல்லை. மூன்று அந்நியர் கை மாறி வந்ததை நாங்கள் 'எங்கள் தனித்துவம்' என்று போற்றுகிறோம். அதில் கைவைக்கலாமா என்று எவராவது கேட்டால், இனத்தின் அடையாளம் போய்விடும் என்று அஞ்சுகிறோம். தனித்துவம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கான விலையை என் தங்கை போன்றவர்கள் மட்டும் கட்டுவதில்தான் மறுப்பு.

மலேசிய நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: எங்களுக்கு முடிசூட ஒருவரும் வேண்டாம். இருக்கிற வழமையைத் திறந்து, இம்முறை பெண்களையும் அருகில் இருத்திக்கொண்டு, மீண்டும் ஒருமுறை எழுதினால் போதும்.

சுல்தானின் படம் இடப்பெயர்வில் தொலைந்துபோயிற்று. தங்கையின் உறுதி மட்டும் நீதிமன்றக் கட்டளையின் பிரதியோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பையில் பத்திரமாக இருக்கிறது. மீதி இரண்டு பரப்பும் அதில்தான் அடக்கம். அதை அவள் மகளுக்குக் கொடுக்கப்போகிறாளாம், சீதனமாக.